எட்டாவது கோப்பை

வந்த நேரத்திலிருந்து கைக்கடிகாரத்தை இரண்டு முறை மட்டுமே பார்த்த பொறுமைமிகு விழாத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மேன்மைமிகு கல்வியாளர்களே, முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக மழலைகளைச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, தாயாகவும் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே, அனைவருக்கும் அடியேனின் வணக்கம்.

சற்று முன் என்னைப் பற்றி ஒரு குறிப்பு வாசித்தார்கள். "இளவேனில் பாடத்தில் முப்பது குழந்தைகள், முப்பது கோப்பைகள், முப்பதும் முளைத்தன" என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் குறிப்புக்கு ஆதாரமான அறிக்கையை எழுதி அனுப்பியவள் நான்தான். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் இந்த ஒலிபெருக்கி முன் நிற்கிறேன்.

என் தொழில் என்ன? இருபத்திரண்டு ஆண்டுகளாக நான்கு வயதுக் குழந்தைகளுக்கு எது முதலாவது, எது இரண்டாவது, எது மூன்றாவது என்று சொல்லிக் கொடுப்பது. கேட்கச் சின்ன வேலை. பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, முப்பது பேரை ஒரே வரிசையில் நிற்க வைத்துவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

குளிர் விலகி வெயில் இளகும் நாட்களில் எங்கள் வகுப்பு ஜன்னலோரத்துக்கு மாறிவிடும். முதலாவது, கோப்பையில் பஞ்சு. இரண்டாவது, பஞ்சுக்குள் அவரை விதை. மூன்றாவது, தண்ணீர். கோப்பைகளை ஜன்னல் பலகையில் வரிசையாக வைத்து, அது எத்தனையாவது கோப்பை என்று குழந்தைகளையே சொல்லச் சொல்வேன். பிறகு தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று கட்டம் போட்டு மூன்று பட அட்டைகளைக் கொடுப்பேன். விதை, முளை, பூ. கதைக்குத் தொடக்கம் உண்டு, நடு உண்டு, முடிவு உண்டு என்று குதித்துக் குதித்துச் சொல்வார்கள். என் கதை எப்போதும் பூவில்தான் முடியும். இருபத்திரண்டு ஆண்டுகளும் பூவில்தான் முடிந்தது.

எட்டாவது கோப்பை பட்டாணியுடையது. உருவத்தில் அத்தனை சிறியவள், அதனால் வகுப்பே அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிடும். அவள் தாய் மூன்று மாதமாக மருத்துவமனையில். அப்பா டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர். அவர் இன்று இந்த அரங்கில்தான் இருக்கிறார். அவர் சம்மதம் சொன்ன பிறகே இதைச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விதை போட்டோம். அடுத்த புதன்கிழமைக்குள் இருபத்தொன்பது கோப்பைகள் பச்சை காட்டிவிட்டன. எட்டாவதில் மட்டும் அழுகல் வாடை. வியாழக்கிழமை பட்டாணி மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"செத்துப்போச்சா டீச்சர்?"

"இல்லடா. தூங்குது. நாளைலேர்ந்து நாலாவது நாள் பாரு, எழுந்து வந்திரும்."

வெள்ளி முதலாவது, சனி இரண்டாவது, ஞாயிறு மூன்றாவது, திங்கள் நாலாவது என்று விரலில் எண்ணினாள். எத்தனை சரியாக எண்ணுகிறாள் என்று நான் பூரித்துப் போனேன்.

இங்கே இருக்கும் மழலை வகுப்பு ஆசிரியைகளே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அலமாரிக்குப் பின்னால் நாலைந்து கோப்பைகளை ரகசியமாக முளைக்கப் போட்டு வைக்காதவர் உங்களில் யார்? தலையைக் குனிய வேண்டாம், நானும் உங்கள் கூட்டம்தான். ஒரு குழந்தையும் ஏமாறக் கூடாது, ஒரு கண்ணும் கலங்கக் கூடாது, ஒரு கோப்பையும் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்கிறோம். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீடு போனதும் எட்டாவது கோப்பையைக் குப்பையில் கொட்டினேன். அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

திங்கட்கிழமை பட்டாணி ஜன்னல் முன்னால் நின்று ஆடினாள். "நாலாவது நாள், நாலாவது நாள்" என்று வகுப்பையே கூட்டிவிட்டாள். அன்று மாலைதான் நான் அறிக்கை எழுதினேன்.

இரண்டு வாரம் கழிந்தது. அவள் தாய் இறந்துபோனாள்.

சாவு வீட்டில் குழந்தை வேண்டாம் என்று அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்றாம் நாளே பள்ளிக்கு அனுப்பிவிட்டார். வந்தவள் அழவில்லை. ஜன்னலோரம் போய்த் தன் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், எங்கம்மா செத்து இன்னைக்கு மூணாவது நாள். நாளைக்கு நாலாவது நாள். எழுந்து வந்திருவாங்க."

அவையோரே, நான் கற்றுக்கொடுத்த பாடம் என் கண் முன்னே வந்து நின்றது. எண்ணிக்கையில் பிழை உண்டா? இல்லை. வரிசையில் பிழை உண்டா? இல்லை. பிழை முழுவதும் என்னுடையது. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"வரமாட்டாங்கடா கண்ணு."

"அஞ்சாவது நாள்?"

"அன்னைக்கும் வரமாட்டாங்க."

"ஆறாவது நாள்?"

ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். பத்தாவது, இருபதாவது, முப்பதாவது. முப்பதாவது வரைதான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதற்கு மேல் கேட்க அவளிடம் எண் இல்லை.

பிறகு கேட்டாள்: "அப்ப என் கப்பு மட்டும் எப்படி வந்துச்சு?"

"அது உன்னோடது இல்லடா. உன் விதை முளைக்கவே இல்ல. நான்தான் வேற ஒண்ண மாத்தி வெச்சேன்."

"என்னோடது எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

"எங்கிட்ட காட்டவே இல்லையே டீச்சர்."

அப்போதுதான் அழுதாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

மாலையில் அவள் அப்பா வந்தார். கையில் கரி போகவில்லை. எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜன்னலோரம் போய் எட்டாவது கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"நானும் அதத்தானே டீச்சர் செஞ்சேன். அம்மாவ ஒரு தடவ பாக்கணும்னு கேட்டா. பயந்துக்குவான்னு காட்டல. பாப்பா வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவ அம்மா சேலையெல்லாம் மூட்டை கட்டி பரண்மேல போட்டுட்டேன்."

அன்றே அந்த மூட்டையைப் பிரித்து மகளிடம் கொடுத்ததாகப் பிறகு சொன்னார். அவளுக்கு அதில் ஒரு நீலச் சேலை போதுமாம்.

மணியைத் தொடாதீர்கள் தலைவர் அவர்களே, முடித்துவிடுகிறேன்.

நாம் எதற்காக அஞ்சுகிறோம்? குழந்தை அழுதுவிடும் என்றா? அழட்டுமே. நம் மடி எதற்கு இருக்கிறது? முளைக்காத விதையை மறைத்தோம், வாடிய பூவை மறைத்தோம், இறந்த தாயையும் மறைத்தோம். மறைத்து மறைத்து, மாண்டவர் மீள்வார் என்று ஒரு மழலையை விரல் விட்டு எண்ண வைத்தோம். இனி என் வகுப்பில் அலமாரிக்குப் பின்னால் கோப்பை கிடையாது. முளைக்காததும் ஜன்னலிலேயே இருக்கும், அதன் எண்ணோடு இருக்கும்.

அவள் அழுததற்கு அடுத்த வாரம் பட்டாணியிடம் அட்டைகளைக் கொடுத்தேன். விதை, முளை, பூ என்று மூன்றையும் சரியாக வைத்தாள். பிறகு சுண்ணாம்புக் கட்டியை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்தில் தானே நான்காவது கட்டம் ஒன்று போட்டாள். அதில் எதுவும் வைக்கவில்லை. அந்தக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் போய் உட்கார்ந்தேன். இருவருக்கும் இடம் போதவில்லை, ஆனாலும் மணியடிக்கும் வரை உட்கார்ந்திருந்தோம்.

ஐயா, எனக்கு நீங்கள் கொடுத்த இந்தப் பாராட்டுப் பத்திரத்தை மேசைமேல் வைக்கிறேன். அதில் முளைத்தவை முப்பது என்று இருப்பதை அடித்து இருபத்தொன்பது என்று திருத்திக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். முடியாதென்றால் அது இங்கேயே இருக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பின்வரிசையில் மகளைத் தோளில் தூங்கப் போட்டிருக்கும் அந்தத் தந்தைக்கும் நன்றி. முளைத்த இருபத்தொன்பதுக்கும், முளைக்காத அந்த எட்டாவதுக்கும் என் வணக்கம்.