காவலுக்குக் கட்டுரைதான் நல்லது

சிறுகதைத் தொகுப்பையும் கட்டுரைத் தொகுப்பையும் ஒரே மாதிரி படிக்கக் கூடாது, சார். எந்தப் புத்தகம் நல்லது என்று யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். கட்டுரையை எந்த வரியிலும் நிறுத்தலாம். சோறு தின்றுவிட்டு வந்து தொடரலாம். சிறுகதையை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட வேண்டும். நடுவில் எழுந்தவன் அதைப் படித்தவனே இல்லை.

என் வேலைக்கு இது முக்கியம். கப்பல் பட்டறையில், கப்பலின் இரும்புத் தொட்டிக்குள் பெயின்ட் அடிக்க ஆள் இறங்கினால், மேலே ஓட்டை வாயில் ஒருவன் காவல் உட்கார வேண்டும். முதுகு போன பிறகு கம்பெனி என்னை அதில் போட்டது. உள்ளே போகிறவன் தன் பாஸ் அட்டையை வெளியே பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான். ப்ளோவர் குழாய் வழியே அவனுக்குக் காற்று போய்க்கொண்டிருக்கும். நான் அவ்வப்போது இரும்பைத் தட்டுவேன், அவன் கீழேயிருந்து ஒரு தட்டு தட்டுவான். விடாமல் தட்டினால் என்னை மேலே தூக்கு என்று அர்த்தம். ஒன்றுக்குப் போவதானாலும் மாற்று ஆள் வராமல் நான் நகரக் கூடாது. வெளியே உட்கார்ந்திருப்பவனும் ஒரு வகையில் உள்ளேதான் இருக்கிறான். படிக்கவும் கூடாதுதான். ஆனாலும் மடியில் கட்டுரைத் தொகுப்பு ஒன்று இருக்கும். கை தட்டும், கண் படிக்கும்.

அசோக் என் அறைக்காரன், தொட்டிக்குள் இறங்கிப் பெயின்ட் அடிப்பவன். வேலைக்கு லாரியில் போகும்போதும் வரும்போதும் புத்தகங்களைப் பற்றி அவனிடம்தான் பேசுவேன். காது கொடுக்க வேறு ஆள் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு, டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் வாசகர் கூட்டம். ஆங் மோ கியோ பேட்டையிலிருந்து வரும் தாரணி என்கிற ஆசிரியை நடத்துகிறார். கூட்டம் முடியும்போது ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு கட்டுரைத் தொகுப்பு என்று நான் பரிந்துரைப்பேன். ஆபீஸ் ஆட்கள்கூடப் பேனாவை எடுப்பார்கள். ஊரில் மண் சுமந்தேன், இங்கே இரும்பு சுமந்தேன். நான் வாயைத் திறந்தால் நாலு பேர் நிமிர்வது அந்த மாடியில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் லாரி, தொட்டி, கட்டில்.

போன கூட்டத்தில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அசோக்கைப் பேசச் சொன்னேன். செங்கல் சூளையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போகிறவளின் கதையைச் சொன்னான். லாரியில் நான் சொன்ன அதே சொற்கள். ஆனால் அவன் சொன்னபோது சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள், கை தட்டினார்கள்.

“ரத்னவேல் அண்ணே, இவரை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இனிமே அசோக்கே பேசட்டும் லா. நீங்க ரிலாக்ஸா உக்காந்து கேளுங்க,” என்றார் தாரணி.

கீழே டீ குடிக்கும்போது அவனிடம் கேட்டேன்.

“அது நான் சொன்னதுதானேடா?”

“ஆமாண்ணே, யாரு இல்லேன்னா? நீங்க வெளிய உக்காந்து படிக்கிறீங்க. நான் உள்ள கெடந்து அதையே யோசிக்கிறேன். அதான் எனக்குப் பேச வருது போல.” சிரித்தான். “மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. மைக்குதானே போச்சு.”

எனக்குக் கோபம் இல்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவன்தான் தொட்டிக்குள் இறங்கினான். பாஸை மாட்டிவிட்டு என் மடியைப் பார்த்தான்.

“என்னண்ணே, இன்னிக்குக் கதையா? காவலுக்குக் கட்டுரைதான் நல்லதும்பீங்களே?”

ஒரு மாறுதலுக்கு என்றேன்.

முதலில் ஒழுங்காகத்தான் தட்டினேன். அவனும் தட்டினான். சூளைக்காரி மகளை எழுப்பும் இடம் வந்தது. ப்ளோவர் இரைச்சலில் அதை நிதானமாகப் படிக்க முடியாது. ப்ளோவர் பிளக்கைக் கழற்றினேன். நல்ல அமைதி. தின்னர் வாடை லேசாக மேலே வந்தது.

பிறகு கீழேயிருந்து தட்டினான். விடாமல். பெயின்ட் புகையில் தலை கிறுகிறுத்தால் ஏணியில் கால் நிற்காது, பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். “அண்ணே” என்றும் கேட்டது. ஆனால் கதையில் அவள் அப்போது சூளை கேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். நாய் ஒன்று தலையைத் தூக்குகிறது. அந்த இடத்தில் யாரால் நிறுத்த முடியும்? கதையை முடித்தபோது கீழே சத்தம் நின்றிருந்தது. பிளக்கை மறுபடி மாட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். அதனால்தான் மெஷினில் கோளாறு எதுவும் இல்லையே என்று உங்கள் ஆட்கள் குழம்பினார்கள்.

தாரணி போனில் அழுதார். “அடுத்த கூட்டத்துல நீங்கதான் பேசணும்ணே. அசோக்குக்குப் பிடிச்ச புத்தகத்தைப் பத்தி,” என்றார். சரி என்றேன். சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

காவல்காரனாக நான் செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். வாசகனாக என்மேல் தப்பில்லை. கதை அப்படிப்பட்ட கதை. நீங்களும் படித்துப் பாருங்கள், சார், உட்கார்ந்த இடத்தில். நான் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அவள் கேட்டைத் தாண்டிவிடுவாள் என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியும்.