ஏரிக்கரைச் சரிவில் நிற்காத சைக்கிள்

என் பெயர் தாண்டவராயன். தகப்பனார் பெயர் மண்ணாங்கட்டி, காலஞ்சென்றவர். வயது ஐம்பத்து மூன்று, பார்க்கிறவர்கள் நாற்பதுக்கு மேல் சொல்லமாட்டார்கள். பென்னலூர் கிராமத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீட்டில் மனைவி ரத்னாவுடன் குடியிருந்து வருகிறேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸின் டிரைவர். ஹெவி லைசென்ஸ் உண்டு. இன்று வரை என் மேல் ஒரு கேஸ் கிடையாது. இப்போது ஷேர் ஆட்டோ சுப்பராயன் மீது வேண்டுமென்றே சைக்கிளை ஏற்றிக் காலை உடைத்ததாக என் மேல் கொலை முயற்சி எழுதப் போவதாகச் சொல்கிறார்கள். அப்படி எழுதினால் லைசென்ஸ் போகும், வேலை போகும், நான் உள்ளே போவேன். ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எழுதுகிற தலைமைக் காவலர் நாகப்பன் அவர்கள் எதையும் சுருக்கக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

மேற்படி சைக்கிள் என்னுடையது. திருட்டு வண்டியா என்று விசாரித்தார்கள். அந்தக் கேள்விக்கே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போன வருடம், அதாவது 2013இல், நான் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த வெள்ளைக்கார என்ஜினியருக்குக் கார் ஓட்டி வந்தேன். அவர் தன் நாட்டிலிருந்து இந்த சைக்கிளைக் கொண்டுவந்திருந்தார். மலையில் ஓட்டுகிற சைக்கிள். சக்கரம் இருபத்தொன்பது இஞ்ச், என் இடுப்புக்கு வரும். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் ஒரு ஷாக், சீட்டுக்குக் கீழே ஒரு ஷாக், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். கல் மேல் ஏறினால் சக்கரம்தான் குதிக்கும், உட்கார்ந்திருக்கிறவன் கையில் காப்பி டம்ளர் இருந்தால் சிந்தாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏரிக்கரையில் ஓட்டுவார், நான் கூடப் போவேன். அவரே பயந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போன சரிவில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் காட்டினேன். அதன் பிறகு அவர் ஊருக்குத் திரும்பும்போது, இந்த வண்டிக்குத் தகுதியான ஆள் இந்தியாவிலேயே நான் ஒருவன்தான் என்று இங்கிலீஷில் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார். பிரேக் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் தட்டில் எதுவும் படக்கூடாது, விரல்கூடப் படக்கூடாது என்றார். நான் அதை மதித்து, தண்ணீர் ஊற்றித் துணி போட்டுத் துடைப்பதைத் தவிர அந்தத் தட்டை இன்று வரை தொட்டதில்லை.

அதன் பிறகு இந்த வண்டியில் நான் செய்யாதது இல்லை. ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலில் படுத்திருந்த எருமைகள் இரண்டை ஒரே தாவலில் தாண்டியிருக்கிறேன். இதை எழுதும்போது நாகப்பன் அவர்கள் ஒரு எருமை என்று எழுதினார். நான் ஆட்சேபித்து இரண்டு என்று திருத்தச் செய்தேன்.

சுப்பராயன் எங்கள் ஊர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்குகிற ஆட்களை ஒரகடம் கம்பெனிகளுக்கு ஏற்றி இறக்குகிறவர். என் வயதுதான். சின்ன வயதிலிருந்து பழக்கம். என் சைக்கிள் வந்த நாள் முதல் அவருக்கு வயிற்றெரிச்சல். ஸ்டாண்டில் நாலு பேர் இருக்கும்போதெல்லாம், "இன்னா தாண்டவா, மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல, பெல்லு இல்ல, ஸ்டாண்டு இல்ல. வெள்ளக்காரன் பாதி வண்டிய ஊருக்கு எட்த்துக்கினு பூட்டு மீதிய உங்கைல குட்த்துட்டானா?" என்பார். கூட நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சும்மா இருக்கமாட்டேன். சரிவிலிருந்து வேகமாக இறங்கி வந்து, ஆளுக்கு நேராக விட்டு, ஒரு சாண் இடைவெளியில் பிரேக் பிடித்து நிறுத்துவேன். ஊரில் எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுவார்கள். சுப்பராயன் மட்டும் நகரமாட்டார். கையில் இருக்கிற டீ கிளாஸைக்கூட இறக்கமாட்டார். "பிரேக்கு கீது, நீ நிறுத்துவ, நான் எதுக்குடா ஓடணும்?" என்பார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில், ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்களுக்கு மேற்படி எருமைகளைத் தாண்டிய விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது சுப்பராயன் நடுவில் புகுந்து, "எருமயா? அன்னிக்கி வாய்க்கால்ல தல குப்புற வுயுந்து கெடந்தியே, உன்னயும் உன் வண்டியயும் யாருடா தூக்கி வுட்டது?" என்றார். பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதில் சக்திகுமார் என்கிற தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தான். நான் வாய்க்காலில் விழவில்லை, இறங்கினேன். எனக்குக் கோபம் தலைக்கேறி, "உன் கால ஒடைக்காம வுடமாட்டேன்யா" என்று சொன்னேன். ஸ்டாண்டில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அதை நான் மறுக்கவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் ஸ்டாண்டில் ஆட்டோ, வேன், பைக், பையன்களின் சைக்கிள் என்று ஊரில் சக்கரம் உள்ளது எல்லாவற்றையும் கழுவி வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் படைப்பது வழக்கம். வரிசையில் நிற்காத வண்டிக்கு அந்த வருடம் ஏதாவது ஆகும் என்று ஜனங்களுக்குப் பயம். நான் கோபத்தில் போகவில்லை. ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்து வீட்டில் படுத்துவிட்டேன். எழுந்து பார்க்கும்போது என் சைக்கிள் வாசலில் சாமந்தி மாலையோடு நின்றது. ரத்னாவைக் கேட்டதற்கு, "ஊரு வண்டிங்க எல்லாம் நின்னுச்சி, நம்ம வண்டி மட்டும் அநாதையாட்டம் வூட்ல நிக்கணுமா? நான்தான் தள்ளிக்கினு போனேன்" என்றாள். நான் கத்தினேன். மாலையைப் பிடுங்கிக் கூரை மேல் எறிந்தேன். மாலையைத்தான் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை.

பூஜைக்கு மறுநாளான இன்று காலையில், வாய்க்கால் பேச்சைப் பொய்யாக்க வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். வீட்டிலிருந்து கரை உச்சி வரை ஏற்றம்தான், ஆகையால் வழியில் பிரேக் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கீழே ரோட்டோரம் சுப்பராயன் ஆட்டோவை நிறுத்தி, அதில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பையன்கள் கூடியிருந்தார்கள். சக்திகுமார் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். நான் எப்போதும் போல் சுப்பராயனுக்கு நேராக விட்டு, எப்போதும் பிடிக்கிற இடத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பிரேக் கைப்பிடி கல்லு மாதிரி நின்றது. வண்டி நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன். சக்கரம் வெண்ணெயில் வழுக்குகிறது போல் போய்க்கொண்டே இருந்தது. "யோவ், ஓரமா போய்யா! போய்யா!" என்று கத்தினேன். சக்திகுமாரும், "அண்ணாச்சி, பிரேக்கப் பிடிங்க!" என்று கத்தினான். சுப்பராயன் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார். கிளாஸை இறக்கவில்லை. முன் சக்கரம் அவர் இடது காலில் மோதி, கால் சக்கரத்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் மாட்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று நாகப்பன் கேட்டார். எழுத வேண்டாம் என்றேன்.

அதன் பிறகு அவரை நானே தூக்கி அவர் ஆட்டோவிலேயே போட்டு, நானே ஓட்டி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர், "சொன்னபடி செஞ்சிட்டியேடா பாவி, சொன்னபடி செஞ்சிட்டியே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான், "பிரேக்கு புடிக்கலய்யா" என்று சொன்னேன். "ஒரு வருசமா புடிச்ச பிரேக்கு இன்னிக்கி மட்டும் புடிக்கலயா?" என்றார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதற்கு முன்பே அவர் என் மேல் புகார் எழுதிக் கொடுத்தார். பையன் எடுத்த செல்போன் படத்திலும் நான் நேராக ஆளைப் பார்த்து விடுவதுதான் தெரிகிறது. இத்தனை வருடம் பழகியவர், நான் ஆளைக் கொல்லுகிறவன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இதற்கு முன் வந்ததில்லை.

அதன் பிறகு என்னையும் சைக்கிளையும் இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் உட்கார வைத்தபோது என் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். முன் தட்டு, பின் தட்டு இரண்டும் கண்ணாடி போல் பளபளத்தன. தட்டின் இரண்டு பக்கமும் சந்தனம், அதன் மேல் குங்குமம், சுற்றிச் சுற்றி இழுபட்டுச் சிவப்புக் கோடாக இருந்தது. விரலை வைத்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். சாப்பாடு கொண்டுவந்த ரத்னாவைக் கேட்டேன். "ஸ்டாண்டுலதான் பூஜ போட்டாங்க, நான் நைவேத்தியம் வாங்க நின்னேன், கவனிக்கல" என்றாள்.

உதவி ஆய்வாளர் ரகுபதி அவர்களிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எண்ணெய் போட்டா சைக்கிள் நல்லா தான்யா ஓடும்?" என்றார். "ஓடும் சார். நிக்காது" என்றேன். "கதை வுடாத" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்காமல், "நான் சொல்றது பொய்யின்னா நீங்களே ஏறி ஓட்டிப் பாருங்க சார், ஓட்டத் தெரிஞ்சா" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி நாகப்பனிடம் கொடுத்துவிட்டு ஏறினார். நிலையத்து வளாகத்தில் ஒரு சுற்று வேகமாக வந்து, வாசலுக்கு நேராகப் பிரேக் பிடித்தார். வண்டி நிற்காமல் போய் நிலையத்து ஜீப்பில் மோதி, ஜீப்புக்குப் பூஜையன்று கட்டியிருந்த வாழைக்கன்று முறிந்தது. உதவி ஆய்வாளருக்கு முழங்கையில் சிராய்ப்பு. இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். ஆகவே எழுதப்பட்டது.

அதன் பிறகு உதவி ஆய்வாளர், ஆஸ்பத்திரியில் காவலுக்கு இருக்கிற போலீஸ்காரரின் செல்போனுக்குப் பேசி, ஸ்பீக்கரில் போட்டு, சுப்பராயனை விசாரித்தார்.

"அந்த சைக்கிளுக்குப் பூஜ போட்டது யாருய்யா?"

"நான்தான் சார்."

"பொட்டு எங்க வச்ச?"

"பொட்டு வைக்க எடமே இல்ல சார் அந்த வண்டில. லைட்டு இல்ல, நம்பர் பிளேட்டு இல்ல, மட்கார்டு இல்ல. சக்கரத்து நடுவுல வட்டமா தட்டு ஒண்ணு கீது, அதான் மூஞ்சியாட்டம் இருந்திச்சி. எண்ண தொட்டு நல்லா தொடச்சி, அதுல வச்சேன்."

"அவன்தான் உன் கால ஒடைப்பேன்னு சொன்னான் இல்ல? அவன் வண்டிக்கு நீ ஏன்யா வச்ச?"

"அவன் மொறச்சிக்கினு வரல சார். வண்டியாவது வரிசைல நிக்கட்டும்னு ரத்னாகிட்ட நான்தான் சொல்லி அனுப்புனேன். என் ஆட்டோவுக்கு முன்னாடி மொதப் பொட்டு அதுக்குத்தான் வச்சேன்" என்றார்.

நான் எழுந்து போன் பக்கம் போய், "யோவ், அந்தத் தட்ட யாருய்யா உன்ன தொடச் சொன்னது?" என்று கத்தினேன்.

"எனுக்கு இன்னாடா தெரியும்? வருசம் பூரா வண்டி நல்லா ஓடட்டும்னு வச்சேன்."

"ஓடிச்சே! நல்லா ஓடிச்சே! உங்காலு மேலயே ஓடிச்சே!"

"கத்தாதடா, கால் வலிக்குது" என்றார். உதவி ஆய்வாளர் போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கொண்டுவந்த சாப்பாட்டை ரத்னாவிடமே திருப்பிக் கொடுத்து, ஆறுவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். பேசாமல் போ என்றேன்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர், கொலை முயற்சி எழுதப்போவதில்லை என்றும், கவனக்குறைவு என்று மட்டும் எழுதுவதாகவும் சொன்னார். எனக்கு அதுவும் சம்மதமில்லை, என் கவனத்தில் குறைவு கிடையாது. சுப்பராயன் மேல் எதிர்ப் புகார் கொடுக்கிறாயா என்று கேட்டார். கட்டாயம் கொடுக்கிறேன். என்னைக் கேட்காமல் என் வண்டியைத் தொட்டது, தட்டில் எண்ணெய் பூசியது, வாய்க்காலில் விழுந்ததாகப் பையன்கள் முன் சொன்னது, மூன்றுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இப்போது பதிவு செய்ய வேண்டாம். கட்டுப் பிரித்து, கால் ஊன்றி, அவர் எழுந்து நின்ற பிறகு பதிவு செய்தால் போதும். படுத்திருக்கிற ஆளிடம் சண்டை போட எனக்குப் பிடிக்கவில்லை.

மேலே எழுதியிருப்பது முழுக்க என் வாயால் நானே சொன்னது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொன்னதல்ல, அத்தனையும் உண்மை. நாகப்பன் அவர்கள் படித்துக் காட்டினார். நான் சத்தம் போட்டுச் சொன்ன இடங்களையும் அவர் மெதுவாகவே படித்தார் என்பதைத் தவிர மற்றபடி சரியாக இருக்கிறது.

ஒப்பம்
ம. தாண்டவராயன், ஹெவி டிரைவர்