அஞ்சு நிமிசப் புருசன்

— சேட்டைப் போடுங்க மச்சான். பெனியனோட நிண்டா உங்களை என்ட புருசன் எண்டு ஆர் நம்புவாங்க?

— நாவற்குடாவில எல்லாப் புருசன்மாரும் பெனியனோடதான் நிக்காங்க, நிருஷா. சரி, போட்டாச்சு. போனை உயத்திப் பிடிக்கட்டா? பதிச்சுப் பிடிச்சா என்ட மூக்கு மட்டும்தான் கனடாக்கு வரும்.

— பகிடி விடாதீங்க. வாசல்ல கலியாணப் பொம்புளையின்ட கார் வந்திட்டு. அவட தாய் அன்னப்பூரணி அன்ரி நேத்து உத்தரவு போட்டிட்டா: “பூ வைக்கிறதுக்கு முதல் உன்ட அவரோட நான் ரெண்டு சொல்லுக் கதைக்கோணும்” எண்டு.

— “என்ட அவர் செத்து நாலு வருசம், அன்ரி” எண்டு சொல்ல வேண்டியதுதானே?

— சொல்லி? ஊரில என்ன நடந்த? சீப்பும் கையுமாப் பொம்புளை சோடிக்கப் போன வீட்டில, “பிள்ளை, நீ பொம்புளையைத் தொடாத, சாமானை எடுத்துக் குடு, காணும்” எண்டாங்க. அதுக்காகத்தானே இஞ்ச வந்து, அண்ணன்ட வீட்டுக் கீழறையில ஒரு கதிரையையும் ஒரு கண்ணாடியையும் வெச்சுக்கொண்டு இரிக்கன். எட்டு மாசமாப் புருவம் மட்டும்தான் எடுக்கன். இதுதான் என்ட முதல் பொம்புள. இண்டைக்கு மண்டபத்தில முந்நூறு பேர் அவட தலையைப் பாப்பாங்க. இது தவறினா நான் திரும்பக் கோழி வெட்டுற பக்டரிக்குத்தான்.

— விளங்குது. கழுத்தில என்ன மினுங்குது?

— பித்தளை.

— பித்தளைத் தாலி, ஓட்டோக்காரப் புருசன். முழுக் குடும்பமும் வாடகைச் சாமான்.

— ஐயோ, ஓட்டோ தெரியுது! அங்கால கிறுகுங்க! உங்களை நீர்ப்பாசன இஞ்சினியர் எண்டு சொல்லி வெச்சிரிக்கன்.

— என்னையா? எனக்குத் தெரிஞ்ச ஒரே நீர்ப்பாசனம், மழைக்கு இந்த ஓட்டோ ஒழுகுறதுதான். சரி, இந்தா வாவிப் பக்கம் கிறுகிட்டன். பின்னால தண்ணி. இப்ப இஞ்சினியர் மாதிரி இரிக்கா?

— வாயைத் திறக்காட்டி இரிக்கு… வாங்க அன்ரி! பொம்புள எங்க?

— காருக்குள்ள இரிக்காள். முதல்ல இதை முடிப்பம். இவர்தானா கா உன்ட அவர்? பேரென்ன தம்பி?

— துசாந்தன், அன்ரி. நாவற்குடா. நீர்ப்பாசனம்.

— நான் களுவாஞ்சிக்குடி. அப்ப சொல்லுங்க, உன்னிச்சைக் குளத்தில இப்ப எத்தின அடித் தண்ணி?

— ஆள் தாழும், அன்ரி.

— நல்ல இஞ்சினியர்தான். கலியாணம் எங்க நடந்த?

— மாமாங்கக் கோயில்ல. ஆவணி வெயிலுக்குத் தவில்காரர் மயங்கி விழுந்திட்டார். நாங்க அதையும் தாளம் எண்டு நினைச்சிட்டம்.

— மாப்பிள்ளைத் தோழனா நிண்ட ஆரு?

— நான்தான் அன்ரி.

— அப்ப மாப்பிள்ளை?

— … அதுவும் நான்தான். ஆள் பத்தல்ல.

— மச்சான்! அன்ரி, லைன் சரியில்ல, நான் வெட்டுறன்.

— வெட்டாத கா. இன்னும் ஒரு கேள்வி இரிக்கு. தம்பி, இந்தப் பிள்ளைக்கு என்னத்துக்குப் பயம்?

— கரண்ட் போனாப் பயம். இருட்டில உரத்துப் பாட்டுப் படிப்பா. அந்தப் பாட்டுக்கு நாங்க பயப்படுவம். மறுகா… தன்ட கை பட்டா ஆருக்கும் ஒண்டு ஆகிருமோ எண்டும் பயம், அன்ரி. ஊரில அப்பிடிச் சொல்லிச் சொல்லியே அனுப்பிட்டாங்க. அவ வெளிய காட்டமாட்டா.

— இப்பதான் தம்பி நீ வாயைத் திறந்து ஒரு உண்மை சொன்னாய்.

— அன்ரி, நான் வேணுமெண்டு…

— பொறு பிள்ளை. ஊரில விசாரிக்காம நாங்க ஒரு பூசணிக்காய்கூட வாங்கமாட்டம். மகள்ட தலையைச் சும்மா தருவனா? உன்ட மனுசன் காய்ச்சல்ல போன கதை, நீ வாசல்ல பேர்ப்பலகை தொங்கவிட்ட கிழமையே எனக்குத் தெரியும். நீயாச் சொல்லுவாய் எண்டு, இந்த வேலையைப் பேசினதில இருந்து ஒரு மாசம் பாத்தன். சொல்லல்ல. சரி, அவரோட கதைக்கோணும் எண்டு கேட்டா வேற வழியில்லாமச் சொல்லிருவாய் எண்டு நினைச்சன். நீ என்னடா எண்டா ஆளையே புடிச்சுக்கொண்டு வந்திட்டாய்!

— என்ட பிழைதான், அன்ரி. நான் தலையை மட்டும் சீவி இழுத்துக் கொண்டை கட்டி விடுறன். பூவை வேற ஆரும் நல்லா வாழுற ஆக்கள் வைக்கட்டும். பொம்புளைக்கு ஒரு குறையும் வரக்கூடா.

— அன்ரி, அப்ப எனக்கு விவாகரத்தா?

— நீ லைன்ல நில் தம்பி. உன்ட வழக்கை மறுகா பாப்பம். பிள்ளை, இந்த றோட்டிலயே பெரிய சலூன் மூணு இரிக்கு. எனக்கு ஆள் கிடைக்காமலா உன்ட கீழறைக்குப் படியிறங்கி வந்தன்? அங்க போனா, முதல் பூவைச் சுமங்கலி ஒருத்தி கையில குடுத்திட்டு என்னைக் கதவுக்கு வெளிய நிப்பாட்டுவாங்க.

— உங்களையா? தாயை ஏன் அன்ரி வெளிய நிப்பாட்டுறாங்க?

— இந்தக் குளிர்க் கோட்டைக் கழட்டினா உனக்கு என்ட கழுத்துத் தெரியும் கா. என்ட மனுசன் போய் ஆறு வருசம். ஓடிப் போய் மகளைக் கூட்டி வா, என்ட மச்சாள்மார் வந்து சேர முதல் கதவைப் பூட்டு. என்ட பிள்ளைக்கு முதல் பூவை நான் வைக்கிறன், நீ கொண்டை ஊசியைக் குத்து.