ஓடு நீக்கிய எடை

— இல்ல மேடம், அந்த வருஷம் மழை நல்லாத்தான் பெஞ்சிருக்கு. வானிலை ஆபீஸுக்கே போய்ப் பதிவேட்டைப் பாத்துட்டு வந்தேன்.

— பூச்சி கீச்சி விழுந்திருக்கும்மா.

— விழல. விளைச்சல் முந்தின வருஷத்தைவிடக் கொஞ்சம் கூட. இறக்குமதி அதே அளவு. ஏற்றுமதியும் இல்ல.

— அப்ப என்னதான் ஆச்சுங்கிற?

— ஒண்ணுமே ஆகல மேடம். அதான் பிரச்சினை. ஒண்ணுமே ஆகாம, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கிற எண்ணெய் வித்து, இருபத்தாறு கிராம்லேருந்து இருபதுக்கு இறங்கியிருக்கு. ஒரே வருஷத்துல.

— அம்மாடி, நாப்பது வருஷத்து அட்டவணை. நடுவுல ஒரு குழி இருக்கத்தான் செய்யும். ரோட்டுல இல்லையா?

— குழின்னா திரும்ப ஏறணும் மேடம். இது படிக்கட்டு. அந்த ஆறு கிராமும் நிலக்கடலையில மட்டும் போயிருக்கு. இருபது, பதினாலாயிடுச்சு. எள்ளு அசையல, சூரியகாந்தி அசையல.

— எள்ளு எண்ணெய்க்குக் காயுது. கூடவே எலிப்புழுக்கை மாதிரி நீ எதுக்கு மூணு வாரமா ரெக்கார்டு ரூம்ல காஞ்சுக்கிட்டிருந்த?

— கடலைக்காக மேடம்.

— சரி, கெடச்சுதா?

— கெடச்சுது. முதல் இருபத்தொரு வருஷம், நாம ஊர் ஊரா அனுப்பின படிவத்துல 'நிலக்கடலை, எடை'ன்னு மட்டும்தான் இருக்கு. அவங்களும் ஓட்டோட எடை போட்டு எழுதி அனுப்பிட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷப் படிவத்துல 'ஓடு நீக்கிய எடை'ன்னு இருக்கு. நூறு கிலோ கடலையை உடைச்சா எழுபது கிலோ பருப்பு. இருபது கிராமை உடைச்சா பதினாலு.

— ஓ.

— அதாவது, ஜனங்க கம்மியாச் சாப்பிடவே இல்ல. அதுக்கு முன்னாடி இருபத்தொரு வருஷமா ஓட்டையும் சேத்துத் தின்னாங்கன்னு நாம எழுதியிருக்கோம்.

— செரிமானம் நல்லா இருந்திருக்கு.

— விளையாடாதீங்க மேடம்.

— நான் எங்க விளையாடினேன்மா? அந்த வார்த்தையைப் படிவத்துல சேத்ததே நான்தான்.

— நீங்களா?

— அப்ப நான் இந்த செக்‌ஷன்ல டைப்பிஸ்ட். அடிக்கும்போது தோணுச்சு, ஓட்டை எவன் திம்பான்னு. சேத்துட்டேன். பெரிய அதிகாரி பாத்தாரு, எழுத்துப்பிழை இல்லன்னு கையெழுத்துப் போட்டாரு.

— நீங்க சேத்தது சரிதான் மேடம். பழைய வருஷங்களையும் அதே மாதிரி குறைச்சிருக்கணும். அது விட்டுப்போச்சு.

— டைப்பிஸ்ட் போய்ப் பழைய வருஷத்தைத் திருத்துவாளா? ஒரு வார்த்தை கூடப் போட்டதுக்கே ஒரு மாசம் பெரிய அதிகாரி ரூம் பக்கமே போகல.

— இது தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

— எட்டு வருஷம் கழிச்சு. பரீட்சை எழுதி, இதே செக்‌ஷனுக்குக் கணக்குப் பாக்க வந்தப்ப. இதே மேஜை. இதே ஆடுற நாற்காலி.

— அப்பவே சொல்லியிருக்கலாமே.

— எந்திரிச்சு ஜன்னல்கிட்ட வா. கீழ என்ன தெரியுது?

— பள்ளிக்கூடம். பிள்ளைங்க வரிசையில நிக்கிறாங்க.

— மணி பதினொண்ணு. ஆளுக்கு ஒரு கை வறுத்த கடலை. நாடு முழுக்க முப்பது லட்சம் பிள்ளைங்க. உன் படிக்கட்டைப் பாத்துட்டு, ஜனங்களுக்குச் சத்து போச்சேன்னு சபையில அடிச்சுக்கிட்டுப் போட்ட சட்டம்.

— தெரியும் மேடம். சட்டத்தையும் படிச்சேன்.

— எத்தனாவது பிரிவு வரைக்கும்?

— ஒன்பது. 'தலைக்குக் கிடைக்கும் எண்ணெய் வித்து, சரிவுக்கு முந்தைய அளவை எட்டும்வரை இத்திட்டம் தொடரும்.' முந்தைய அளவு இருபத்தாறு. இந்த வருஷம் நாம இருபத்திரண்டு.

— நீ திருத்தினா?

— முந்தைய அளவே இருபதுதான். எட்டித் தாண்டியாச்சு.

— நம்ம அறிக்கை வெளிவந்த மறுநாள்?

— திட்டம் தானா நின்னுடும். யாரும் கையெழுத்துக்கூடப் போட வேண்டாம்.

— இப்பச் சொல்லு. அப்பவே சொல்லியிருக்கலாமா?

— சரிவு இல்லன்னாலும் பிள்ளைங்களுக்குப் பசி இருக்கே மேடம். அதைச் சொல்லியே கேக்கலாமே. மேல எழுதலாம்.

— எழுதினேன். பசி எத்தனை கிராம்னு கேட்டு பதில் வந்துச்சு.

— அதுக்காகத் தப்பான அட்டவணையை என்னால அனுப்ப முடியாது மேடம். 'தயாரித்தவர்'னு என் பேரு அச்சுல வருது. எங்க அப்பா பத்துக் காப்பி வாங்கறேன்னு இருக்காரு.

— பத்தா? போன வருஷம் மொத்தமே ஏழுதான் வித்துச்சு.

— மேடம்.

— அனுப்பாதன்னு நான் சொல்லவே இல்ல. உன் அட்டவணை, உன் பேரு. நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வருவாரு. குடுத்து அனுப்பு.

— திட்டுவீங்கன்னு நெனச்சேன்.

— எதுக்கு? நீ கண்டுபிடிச்சது நெசம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவ நான். பதினோரு வருஷம் மறைச்சாச்சு, கை வலிக்குது. தினமும் அந்த மணி அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திடலாம்னு இருக்கும். கொக்கி உடைஞ்சு கெடக்கு, சாத்த வராது.

— பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?

— வரிசையில நிப்பாங்க. ரெண்டு மூணு நாள் நிப்பாங்க. அப்புறம் யாராவது போய்ச் சொல்லுவாங்க.

— எனக்கு அரை மணி நேரம் குடுங்க மேடம்.

— எடுத்துக்கோ. நான் இந்த ஃபைலைப் பாக்கிறேன்.

— மேடம், அரை மணியில முடிச்சுட்டேன். இருபத்தொரு வருஷக் கடலைக்கும் ஓடு நீக்கியாச்சு. முந்தைய அளவு இருபது. கீழ குறிப்பும் போட்டிருக்கேன்.

— கொண்டா. எங்க போடணும் கையெழுத்து?

— இருங்க. கடைசிக் கட்டத்தையும் படிச்சுட்டுப் போடுங்க.

— இந்த வருஷம் பத்தொம்பதுன்னு இருக்கு? இருபத்திரண்டுன்னியே.

— எண்ணெய் வித்துக் கணக்குல வர்ற தேங்காயை நாம ஓடும் தண்ணியுமா அப்படியே எடை போட்டு எழுதிட்டு வரோம் மேடம். ஆறு கிராம். சாப்பிடறது உள்ள இருக்கிற பருப்பை மட்டும்தான், அது மூணு கிராம். இந்த வருஷத்துலேருந்து சரி பண்ணிட்டேன்.

— இருபதுக்குக் கீழ வருதேம்மா.

— ஆமா மேடம். ஒரு கிராம் கீழ. இன்னும் எட்டல.

— பழைய வருஷத்துத் தேங்காயெல்லாம்? அதையும் குறைச்சா அந்த இருபதும் இறங்குமே.

— அதுக்கு ஒவ்வொரு பதிவேடா எடுத்துப் பாக்கணும் மேடம். எப்படியும் ஒரு பதினஞ்சு வருஷம் ஆகும்.