தேள் கொட்டியவனின் பெயர்

ஐயா,

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தினம் தேதி எழுதுகிற வேலையை வாத்தியார் எனக்குத்தான் கொடுத்திருந்தார். ஆகவே இந்த வாக்குமூலத்தை ஸ்டேஷன் ரைட்டர் எழுத வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் எழுதினால் வருஷங்கள் தப்பிப்போகும். வருஷம் தப்பினால் எனக்குப் பொறுக்காது.

என் பெயர் தசரதன். சொந்த ஊர் கண்ணமங்கலம், படிப்பும் அங்கேதான், பத்தாவது வரை. ஜவ்வாது மலையில் சாமைப்பாறைக்கு எழுதப்படிக்கத் தெரிந்த மணியக்காரர் வேண்டுமென்று அறுபத்து நாலில் என்னை மேலே அனுப்பினார்கள். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பதினோரு மைல் நடை. நாற்பத்தொரு வீடு. சாமையும் கேழ்வரகும் விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கிற ஜனங்கள். அவர்களில் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்று எழுதி வைக்கிற ஏடு என் பொறுப்பு. பதினாலு வருஷத்தில் அதில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அறுபத்தாறில் ஒரு பத்திரிகையின் மூலையில் ‘தபால் வழி வேதபாடம், இலவசம்’ என்று கண்டு ஒரு கார்டு போட்டேன். பாடம் வரும், விடை எழுதி அனுப்பினால் மதிப்பெண்ணோடு திரும்பும். நான் மதம் மாறவில்லை. என் வீட்டில் பெருமாள் படம்தான் இருக்கிறது. என்னைப் பிடித்துக்கொண்டது அதிலிருந்த வருஷக் கணக்கு. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் அதை விட்டுப் புறப்பட்ட நானூற்று எண்பதாம் வருஷத்தில் சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கினான் என்று இருக்கிறது. அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போனால், புறப்பட்டது கிறிஸ்துவுக்கு முன் 1446. எகிப்தின் பக்கம் பார்வோன்களின் வரிசை ஒன்று உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் பொருந்த வேண்டும் அல்லவா? பொருந்தவில்லை. அடிமைகள் கட்டிய ஒரு பட்டணத்தின் பெயரைப் பார்த்தால் இருநூறு வருஷம் பிந்திய ராமசேஸ் காலம் என்று தோன்றும். அவர்கள் பிறகு பிடித்த எரிகோ பட்டணத்தைத் தோண்டிப் பார்த்தவர்களோ, விழுந்து கிடக்கிற மதில் அந்தக் காலத்ததே இல்லை என்றார்கள்.

பன்னிரண்டு வருஷம் உழைத்தேன். முன்பின் தெரியாத பாதிரிமார்களுக்கும் நூலகங்களுக்கும் முந்நூறு கடிதம் எழுதியிருப்பேன். பத்தொன்பது தாளை ஒட்டிச் சுவர் நீளத்துக்கு ஓர் அட்டவணை செய்தேன். கல்யாணம் செய்துகொள்ள நேரம் இருக்கவில்லை. முடிவில் எல்லாவற்றையும் பொருத்தினேன், ஒன்றைத் தவிர. அத்தனை பெரிய காரியத்தைப் பற்றி எகிப்துக்காரன் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

அந்த ஒரு வரியைத்தான் பேராசிரியர் ராஜேந்திரன் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், ஆரணியில் இருக்கிறார். நாலு வருஷம் எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து இருந்தது. தோற்ற ராஜா தன் தோல்வியைக் கல்லில் வெட்டமாட்டான் என்று எழுதினேன். அவர் பதில் எழுதினார்: கல்லில் வேண்டாம், பானைச் சில்லில் இருக்கலாமே. அந்தத் தேசத்தில் கல்லறை கட்டிய கூலியாட்களுக்கு வருகைப் பதிவு இருந்திருக்கிறது. இன்றைக்கு இன்னான் வரவில்லை, தேள் கொட்டிவிட்டது. இன்னான் வரவில்லை, அம்மாவைப் புதைக்கப் போனான். தேள் கொட்டியவன் பெயரைக்கூட எழுதி வைத்தவர்கள் இதை விட்டிருப்பார்களா?

பச்சை மையில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அட்டவணையில், 1446க்கு நேர் கீழே குத்தி வைத்தேன்.

இந்த வருஷம் ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை, ஆரணியில் வாசகர் கூட்டம் ஒன்றுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார். அட்டவணையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரம் பேசினேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் எழுந்தார்.

“மணியக்காரரே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொறப்பு இறப்பு ஏடு உங்க கையிலதானே இருக்கு? உங்க ஊர்ல ஒரே மாசத்துல பத்துப் பேரு செத்துட்டா, ஏட்டுல ஏறாம போயிடுமா?”

போகாது என்றேன். வேறென்ன சொல்வேன்? என் ஏட்டை நானே கேவலப்படுத்த முடியுமா?

“நாப்பது வூட்டுக்கே இவரு இவ்ளோ கவனமா இருக்காரு. ஆறு லட்சம் ஆம்பளைங்க, பொண்டு புள்ளைங்களோட கெளம்பிப் போயிருக்காங்க. அரமன மணியக்காரரு எழுத மறந்துட்டாராம்.”

“அன்னிக்கு அவரு லீவுங்க” என்றது பின்வரிசையில் ஒரு குரல். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் வரைக்கும் சிரித்தார். பேராசிரியரும் சிரித்தார்; சிரித்துவிட்டு என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை நான் மறக்கவில்லை. கோபம் வந்தால் நான் கத்துகிற ஆள் இல்லை. எழுத்து இன்னும் திருத்தமாக வரும், அவ்வளவுதான். மலையேறுகிற வழியெல்லாம் அவருக்கு மனதுக்குள் பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடித் தெளிகிற சுனை கலங்கலாகவே இருந்தது. ஜூலை 22, சனிக்கிழமை, சாமைப்பாறையில் ஒரு கிழவர் வாந்திபேதியில் இறந்தார். பெயரை இங்கே எழுதப்போவதில்லை; காரணம் பின்னால் வரும். இப்படி ஒரு சாவு விழுந்தால் மணியக்காரர் அன்றே அறிக்கை எழுதிக் கீழே அனுப்ப வேண்டும். கண்டதும் ஊசி போடுகிறவர்கள் புறப்பட்டு வருவார்கள். எழுபத்து மூன்றில் நான் எழுதினேன், மூன்றாம் நாள் வந்தார்கள், இரண்டு சாவோடு நின்றது. ஊரே அதை ஞாபகம் வைத்திருந்தது.

இந்தத் தடவையும் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு ஏட்டைத் திறந்து பேனாவை மையில் தொட்டவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பேர் செத்தால் ஏட்டில் ஏறாமல் போகுமா என்று கேட்டார் அல்லவா? கேள்வி ஆரணியில் கேட்கப்பட்டது. பதில் என் மேஜைக்கே வந்திருந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. செய்யாமல் இருந்தால் போதும்.

ஏட்டை மூடினேன். உறையை மேஜை இழுப்பறையில் வைத்தேன். தனியாக ஒரு குறிப்பேடு போட்டு அதில் பெயர், வயது, நாள், நேரம் எல்லாம் எழுதினேன். சோதனை என்றால் அளவு வேண்டும்.

நாலாம் நாள் ஊர்க்காரன் சின்னராசு வந்தான். வேகமாக நடக்கிறவன். “நான் ஓடிப்போய் சொல்லிட்டு வந்துர்றேங்க. இப்ப கெளம்பினா மதியத்துக்குள்ள போய்டுவேன்” என்றான். நோய் கண்ட ஊரிலிருந்து யாரும் இறங்கக் கூடாது, மேலிடத்து உத்தரவு என்றேன்.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

இதில் பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எழுதித்தான் வைத்திருந்தேன்.

அவன் போய் ஊராரிடம் சொன்னான். வருகிறவர்கள் பூட்ஸ் போட்டிருப்பார்கள், வழுக்கும் என்று பாதையில் கல் பரப்பினார்கள். ஓரத்து முள்ளை வெட்டினார்கள். முடியாதவர்களைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போகலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வழியிலேயே உயிர் போய்விடும், நாளைக்கு வந்துவிடுவார்கள் என்றேன். வருகிறவர்களுக்கென்று புதுப் பானையில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள், அதே சுனைத் தண்ணீர். நான் காய்ச்சித்தான் குடித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9ஆம் தேதியோடு நின்றது. பதிமூன்று பேர். அதில் ஒருத்தி சின்னராசுவின் தலைச்சன் பெண், வயது ஏழு. அவள் அம்மா முத்தம்மா, பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்து “தலைச்சன் போய்ட்டாளே” என்று சொன்னபோது எனக்கு எகிப்தியரின் தலைச்சன் பிள்ளைகள் ஒரே இரவில் செத்த யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரம் ஞாபகம் வந்தது. அதையும் குறிப்பேட்டில் குறித்தேன்.

பத்து நாள் கழித்து முத்தம்மா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஊசிக்காரர்கள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவர்கள் வராமல் போவதை அந்த ஜனங்கள் மழை வராமல் போவதுபோல எடுத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு வேண்டியது வேறு.

“எம் பொண்ணு பேரு ஏட்டுல கீதுங்களா, சாமி?”

இருக்கிறது என்றேன்.

“காட்டுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க கீதுன்னு மட்டும் காட்டுங்க.”

அவளுக்கு எழுத்து தெரியாது, எனக்குத் தெரியும். ஏட்டைத் திறந்தேன். கைக்கு வந்த பக்கத்தில், மேலிருந்து நாலாவது வரியில் விரலை வைத்து, அந்தப் பெண்ணின் பெயரையும் வயதையும் நிதானமாக வாசித்தேன். அந்த வரியில் மை கொஞ்சம் ஊறியிருக்கும். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிம்மதியாகப் போனாள். அன்று அவளுக்கு நல்லது செய்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான்.

செப்டம்பர் 18 அன்று பேராசிரியருக்குக் கடிதம் போட்டேன். ஆறு பக்கம். ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 9 வரை எங்கள் ஊரில் பதிமூன்று சாவு. அரசாங்க ஏட்டில் ஒன்றுகூட இல்லை. நூறு வருஷம் கழித்து ஒருவர் அந்த ஏட்டைப் புரட்டினால் அந்த ஆடி மாதம் சாமைப்பாறையில் ஒரு கோழிகூடச் சாகவில்லை என்பார். எழுத்தில் இல்லை, ஆனால் நடந்தது. இனி 1446ஐப் பற்றித் தாங்கள் என்ன சொல்கிறீர்கள்? பெயர்களும் தேதிகளும் குறிப்பேட்டில் உள்ளன. நேரில் வந்தால் காட்டத் தயார்.

பதில் கடிதம் வரும் என்று பார்த்தேன். மனுஷரே வந்துவிட்டார். அறுபது வயதில் பதினோரு மைல் நடந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எங்க புதைச்சிருக்கு?” என்று மட்டும் கேட்டார். முத்தம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். புது மண்மேடுகளை அவர் ஒவ்வொன்றாக நின்று எண்ணினார். மலைச்சரிவில் பலகைக்கல் நட்டு மூடிய பழங்காலத்துக் கல்வீடுகள் இருக்கின்றன. சரித்திரம் படித்தவர், அவற்றை ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

திரும்பி வந்து ஏட்டைக் கேட்டார். முத்தம்மாவும் உள்ளே வந்தாள். எழுதியாகிவிட்டது என்று அவரிடம் அவள்தான் பெருமையாகச் சொன்னாள். அவளே பக்கத்தைப் புரட்டி, மேலிருந்து எண்ணி, மை ஊறிய வரியில் விரலை வைத்தாள். “இதுதாங்க எம் பொண்ணு. படிச்சுக் காட்டுங்க.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேலும் கீழும் இருந்த வரிகளையும் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இது மூணு வருஷம் முந்தி பொறந்த ஓர் ஆம்பளைப் புள்ளையோட பேரும்மா.” மற்றப் பக்கங்களையும் புரட்டினார். “உன் பொண்ணு பேரு இதுல எங்கயும் இல்ல.”

அவள் அழுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். பதினாலு வருஷமாக என்னைச் ‘சாமி’ என்றும் ‘ங்க’ போட்டும் பேசியவள்.

“அப்ப எம் பொண்ணு சாகல. உன் எழுத்துப்படி சாகல இல்ல? சாகலன்னா எங்க கீறா? எங்க வெச்சிகிற? குட்றா.”

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். குரல் உயரவில்லை. “குட்றா. ஏட்டுல இல்லாததுக்கு நான் எதுக்கு மண்ணு தள்ளினேன்? எடுத்துட்டு வந்து குடு.” சின்னராசு வந்து இழுத்துக்கொண்டு போகிற வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்தது. என்னை ஒருமையில் அழைத்த ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான். அதைப் புகாராகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பேராசிரியர் போகும்போது, படியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“யாரும் எழுத மாட்டாங்கன்னு காட்டத்தானே இதைச் செஞ்சீங்க, தசரதன்? ரெண்டு மாசம்கூட உங்களால எழுதாம இருக்க முடியலையே.”

நேராக உங்களிடம் வந்திருக்கிறார். வாதத்தில் பதில் இல்லாதவர்கள் போலீசுக்குப் போவது வழக்கம்தான். அவர் கடைசியாகச் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கிறது: தனிப்பட்ட கடிதம் வேறு, அரசாங்கப் பதிவு வேறு. இதை விரித்து நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே தபாலில் சேர்க்க மறுக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உறையை மேஜை இழுப்பறையிலிருந்து நீங்களே எடுத்தீர்கள். அது என் கையெழுத்துதான். தெரிந்தேதான் அனுப்பவில்லை. ஊரை அடைத்ததாகச் சொன்ன உத்தரவு யாரும் போட்டதல்ல, என்னுடையது. பதிமூன்றில் முதல் இரண்டு என் மேல் வராது. அன்றே அனுப்பியிருந்தாலும் ஊசி வந்து சேர மூன்று நாள் ஆகியிருக்கும். மீதிப் பதினொரு பேரைக் கொன்றது நான். அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான்.

இறந்தவர்களை இப்போதாவது ஏட்டில் ஏற்ற வேண்டும், குறிப்பேட்டைக் கொடு என்கிறீர்கள். முத்தம்மா தினம் வந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னீர்கள். குறிப்பேட்டை எரித்துவிட்டேன். ஊராருக்கு நாள் தெரியாது. ஆடி மழைக்குள்ளே என்பார்கள். பதிமூன்று பெயரும் தேதியும் எனக்கு மனப்பாடம். சொல்லமாட்டேன். ஏட்டில் அவர்கள் ஏறினால், எழுதாமல் எதுவும் போகாது என்று ஆரணியில் சிரித்தவர்கள் சொன்னது சரியாகிவிடும்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். தாங்கள் படித்து முடித்ததும் இந்த வாக்குமூலத்தை எந்தக் கோப்பிலும் சேர்க்காமல் அழித்துவிட வேண்டும். அதற்கு முன் ஒரு நகல் மட்டும் எடுத்து, ஆரணி, பேராசிரியர் ராஜேந்திரன் அவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கவும்.