இரண்டு மீடியம் பார்மட் கேமராவும் ஒரு கல்யாணமும்

கேமராப் பட்டை பதித்த தழும்பையே கழுத்தில் பதக்கமாக அணிந்து, அரக்கோணம் முதல் ஆர்.கே.பேட்டை வரை செத்துக் கிடந்த கேமராக்களுக்கெல்லாம் உயிர் கொடுத்து, இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பழுதுபார்க்கும் பெருந்தகை, எங்கள் சங்கத் தலைவர் கரீமுல்லா பாய் அவர்களே! வெயிலை வளைத்து, வெளிச்சத்தை வசப்படுத்தி, வேர்வையில் வாழ்ந்த மூத்த கலைஞர்களே! ‘கொஞ்சம் சிரிங்க’ என்று ஊரையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உம்மென்று உட்காரும் ஒளிப்படச் செம்மல்களே! அந்தச் செம்மல்களுக்கு வாழ்க்கைப்பட்ட பாவத்தால், ஒரு முகூர்த்த நாளில்கூடப் புருஷனோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டறியாத என் அருமைத் தாய்மார்களே! திருத்தணி வட்டார ஒளிப்படக் கலைஞர் சங்கத்தின் ஆண்டு விழாவில், ஆல்பம் கடை பிரேமாவின் அன்பு வணக்கம்!

கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? ‘ஆங், கேக்குதுக்கா’ என்கிறார்கள். நல்லது. கடைசி வரிசைக்குக் கேட்கிறது. முதல் வரிசையில் இருக்கும் இரண்டு பேருக்குத்தான் எதுவும் கேட்பதில்லை. இடது ஓரம், சந்தனக் கலர் சட்டை, என் கணவர் திரு. பஞ்சாட்சரம் அவர்கள். வலது ஓரம், முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பவர், என் உடன்பிறந்த அண்ணன் திரு. தீனதயாளன் அவர்கள். இருவரும் ஸ்டுடியோ வைத்திருக்கிறார்கள். ஒரே தெரு. எதிரெதிர்க் கடை, எதிரெதிர் வீடு. நடுவில் உள்ள நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை பாருங்கள். உட்கார்ந்தால் எந்தக் கட்சி என்று கேட்பார்களோ என்ற பயம்!

தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘மீடியம் பார்மட் கேமரா: விலையும் போட்டியும்’. என்ன பொருத்தமான தலைப்பு! அந்த விலையால் வெந்தவள் யார்? நான்! அந்தப் போட்டியால் நொந்தவள் யார்? நான்! அந்தப் படங்களைத் திறந்து திறந்து கம்ப்யூட்டரோடு சேர்ந்து தானும் சூடேறிப் போனவள் யார்? நானேதான்!

தெரியாத தாய்மார்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் படம் விழுகிற இடத்துக்குச் சென்சார் என்று பெயர். சாதாரணக் கல்யாணக் கேமராவில் அது ஒரு சின்ன பிஸ்கெட் அளவு என்றால், மீடியம் பார்மட்டில் ஏறக்குறைய இரண்டு பிஸ்கெட் அளவு. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இன்னொரு பிஸ்கெட்டுக்காகத்தான் ஒரு காலத்தில் மனையை விற்று வாங்கவேண்டிய விலை! வாங்குவோர் சிலர், விற்போர் மிகச் சிலர், ஆகவே விலை விண்ணைத் தொட்டது. பிறகு ஜப்பானில் ஒரு கம்பெனி விலையை இறக்கியது. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, ‘நான் மட்டும் இளைத்தவனா?’ என்று தானும் இறக்கியது. கம்பெனிக்குக் கம்பெனி போட்டி போட்டால் வாங்குகிறவனுக்குக் கொண்டாட்டம். உண்மைதானே? உலகத்துக்கெல்லாம் அது உண்மை. திருத்தணிக்கு மட்டும் அது உண்மையாகவில்லை!

ஏன் ஆகவில்லை? மனை விலையிலிருந்து கார் விலைக்கு இறங்கியதும் என் கணவர் தவணையில் ஒரு ஜப்பான் கேமராவை வாங்கினார். பேருந்து நிலையத்தில் பிளக்ஸ் வைத்தார்: ‘திருத்தணியின் முதல் மீடியம் பார்மட்’. மறு வாரமே அண்ணன் ஐரோப்பாக் கேமராவை வாங்கினார். பக்கத்திலேயே பிளக்ஸ்: ‘திருத்தணியின் முதல் உண்மையான மீடியம் பார்மட்’. அன்று தொடங்கியது ஐயா அந்த யுத்தம்!

என் கணவர் சொன்னார், ஆல்பம் இலவசம். அண்ணன் சொன்னார், ஆல்பமும் டிரோனும் இலவசம். இவர் சொன்னார், கல்யாணம் கொடுத்தால் வளைகாப்பு இலவசம். அவர் சொன்னார், வளைகாப்போடு பிள்ளைக்குக் காதுகுத்தும் இலவசம். இவர் யோசித்தார். யோசித்து, யோசித்து, நம் ஊருக்கேற்ற யோசனையைக் கண்டுபிடித்தார்: ‘எங்களிடம் படம் எடுக்கும் குடும்பத்துக்கு மலையில் மொட்டை இலவசம்!’ சிரிக்காதீர்கள். கூட்டம் வந்தது! கல்யாணப் பொண்ணின் தாத்தா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா எல்லாம் வரிசையாக வந்து தலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கல்யாணத்து குரூப் போட்டோவை அச்சுக்குத் தயார் செய்தவள் நான். அத்தனை மொட்டையிலும் பிளாஷ் வெளிச்சம் பட்டுத் திருப்பி அடிக்கிறது. எது முகம், எது மின்னல் என்று பிரிக்க முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இதற்கும் மேலே போயிற்று. மணவூரிலிருந்து ஒரு விவசாயி என் கணவர் கடைக்கு வந்தார். கேமராவை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை. கேட்டார்: “எதிர்க்கடைல சும்மாவே எடுத்துத் தர்றேன்னு சொல்லிகினு கீறாரு. நீங்க எங்களுக்கு எவ்ளோ குடுப்பீங்க?” என் கணவர் கடையை விட்டு விரட்டினாரா? இல்லை. கோபித்துக்கொண்டாரா? இல்லை. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்து ஆர்டரைப் பிடித்தார்! உலக வரலாற்றில், படம் எடுத்தவன் காசு கொடுத்த முதல் கல்யாணம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். திடீரென்று ஜப்பான் கம்பெனி விலையை இன்னும் குறைத்தது. என் கணவர் அதிக விலை கொடுத்து வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் சாவு விழுந்தது போல இருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டிலிருந்து அண்ணன் ஜாங்கிரி அனுப்பினார். அடுத்த மாதம் ஐரோப்பாக் கம்பெனி குறைத்தது. இவர் தெருவில் சரவெடி வெடித்தார்! ஊரே கேட்டது, என்ன விசேஷம் என்று. நான் என்ன சொல்வேன்? ‘எங்க அண்ணன் வாங்கின பொருளுக்கு விலை எறங்கிடுச்சுங்க’ என்றா சொல்வேன்?

யாரப்பா அது விசில்? அடிங்க, அடிங்க. உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு நெஞ்சு எரிகிறது. ஏன் தெரியுமா?

என் மகன் அருண்பாண்டியனுக்கும் அண்ணன் மகள் ஷாலினிக்கும் நிச்சயம் முடிந்தது. முறைப்பெண் என்பதற்காக நாங்கள் முடிச்சுப் போடவில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், நாங்கள் அகமகிழ்ந்தோம். தையில் கல்யாணம் என்று பேசினோம். தைக்கு முன்னால் கேமரா வந்தது! “எம் பையன் கல்யாணத்தை எங்கேமராதான் எடுக்கணும்” என்றார் இவர். “அந்த டப்பா வந்துச்சுன்னா நான் தாரை வாக்கவே வரமாட்டேன்” என்றார் அவர். தை போயிற்று. வைகாசி போயிற்று. இன்னொரு தையும் போயிற்று. மச்சானை ‘பாவா’ என்று வாய் நிறையக் கூப்பிட்ட இவர் ‘எதிர்க்கடைக்காரர்’ என்றார். ‘மாப்ளே’ என்று தோளில் கைபோட்ட அவர் ‘அந்த ஆளு’ என்றார். ஷாலினி ஒருநாள் என் கடைக்கு வந்து, “அத்தே, எங்களுக்கு நேரா அறுபதாம் கல்யாணந்தான் எடுப்பாங்களா?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதாள். அந்தப் பிள்ளை அழுததைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அன்றைக்கு அந்த இரண்டு கேமராவையும் நந்தியாற்றில் வீசியிருப்பேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. அதனால் தப்பித்தன.

சரி, போட்டிக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் காத்திருப்பது அதற்குத்தானே?

இன்று காலை மலைமேல் ஒரு கல்யாணம். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் என் கணவரை அழைத்தார்கள், பெண் வீட்டார் அண்ணனை அழைத்தார்கள். இருவரும் இலவசம். இவர் வலப்பக்கம், அவர் இடப்பக்கம். மதியம் இருவரும் தனித்தனியே என் கடைக்கு வந்து மெமரி கார்டைக் கொடுத்தார்கள். “சாயந்தரம் கூட்டத்துல ரெண்டையும் திரையில போடு. எது ஒசத்தின்னு சங்கமே சொல்லட்டும்” என்றார்கள். இரண்டு வருடத்தில் இருவரும் ஒரே வார்த்தை பேசியது இன்றைக்குத்தான்.

இதோ திரையில் என் கணவர் எடுத்த படம். கைதட்டுங்கள். இதோ அண்ணன் எடுத்த படம். அதற்கும் தட்டுங்கள். பட்டுச் சேலையில் இழை எண்ணலாம், பூமாலையில் இதழ் எண்ணலாம். போதும், நிறுத்துங்கள். நீங்கள் இன்னும் படத்தையே பார்க்கவில்லை.

என் கணவர் படத்தில், பின்னால் ஒரு தூண் தெரிகிறதா? அதன் பக்கத்தில் வேறொரு கல்யாணம் நடக்கிறது. முகூர்த்த நாளில் மலைமேல் அடுத்தடுத்துக் கல்யாணம் நடப்பது நமக்குப் புதிதா? பெரிதாக்குகிறேன். விலை உயர்ந்த கேமரா அல்லவா, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. இன்னும் பெரிதாக்குகிறேன். அந்தக் கல்யாணப் பெண்ணின் முகம் தெரிகிறதா? யார் அது?

ஆமாம். ஷாலினி!

இப்போது அண்ணன் படம். அவர் எதிர்ப்பக்கம் நின்றதால் பெண்ணின் முகம் இல்லை. குனிந்து தாலி கட்டுகிற மாப்பிள்ளை முகம் இருக்கிறது. பெரிதாக்குகிறேன். யார் அது? நீங்களே சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். அருண்பாண்டியன்!

உட்காருங்க. ரெண்டு பேரும் உட்காருங்க. நாங்கள் திருட்டுக் கல்யாணம் செய்யவில்லை. நேற்று மாலை என் கணவரிடம் முறையாகக் கேட்டேன்: “ஏங்க, நாளைக்குக் காலைல மலைமேல பசங்களுக்குத் தாலி கட்டிடலாமா?” சென்சாரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஆங், கட்டிக்கட்டும். லைட்ட மறைக்காத.” எதிர்வீட்டில் என் அண்ணி கவிதாவும் அண்ணனைக் கேட்டார். “நீ இன்னா வேணா பண்ணு, பேட்டரி சார்ஜ் ஏறுதா பாரு” என்றார் அண்ணன். இரண்டு சம்பந்தியும் சம்மதம் சொல்லியாயிற்று! இதைவிட என்ன வேண்டும்?

காலையில் தாலி எடுத்துக் கொடுக்கும் நேரம். மனசு கேட்கவில்லை. பத்தடி தூரத்தில் இவர் கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஓடிப்போய், “ஏங்க, வாங்க” என்று கூப்பிட்டேன். என் கணவர் திரும்பாமலே சொன்னார்: “யாரும்மா அது, ஃபிரேம்ல வராத, தள்ளு.” அண்ணி போய் அண்ணனின் தோளைத் தொட்டார். “ஓரமாப் போம்மா” என்றார் அண்ணன். பதினாறு முழம் பூவோடு நின்ற பெண்டாட்டியைப் பார்த்து! அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வரவில்லை தாய்மார்களே. அழுகைதான் வந்தது. கடைசியில் அண்ணியின் அண்ணன்தான் தாரை வார்த்தார். பாருங்கள், இந்தப் படத்தின் ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாளே, அது நான்தான். கூப்பிடுகிறேன்.

கம்பெனிகள் போட்டி போடட்டும், விலை இறங்கட்டும். அவன் பொருளை விற்கிறான், போட்டி போடுகிறான். நாம் எதை விற்றோம்? பாவாவை விற்றோம், மாப்பிள்ளையை விற்றோம், பெற்ற பிள்ளையின் முகூர்த்தத்தையே இலவசமாகக் கொடுத்தோம். பட்டு வேட்டியும் சேர்த்துக் கொடுத்தோம்! சங்கத் தோழர்களே, இனி இந்த ஊரில் அந்தக் கேமரா ஒன்றை நம் சங்கமே வாங்கட்டும், வேண்டியவர் வாடகைக்கு எடுக்கட்டும், படத்துக்கு உரிய கூலியை வாங்கட்டும். இதுதான் என் தீர்மானம். கை தூக்குங்கள். தலைவரும் தூக்கிவிட்டார். நிறைவேறியது!

அதோ, மாலையோடு பிள்ளைகள் மேடைக்கு வருகிறார்கள். அண்ணன் அழுகிறார். அழட்டும், விடுங்கள். ஏங்க, நீங்க இன்னா சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க. ‘இன்னொரு தடவை கட்டச் சொல்லு, எடுத்துடறேன்’ என்கிறார்! ஊரெல்லாம் மாப்பிள்ளைகளை ‘இன்னொரு தடவை, இன்னொரு தடவை’ என்று கட்ட வைத்த பழக்கம் விடுமா? முடியாதுங்க. நம்ம பையன் ஒருதரந்தான் கட்டுவான். கட்டிட்டான்.

கேமராவை நாற்காலியில வச்சிட்டு மேல வாங்க. அண்ணா, நீயும்தான். ரெண்டு பேரும் சேர்ந்தாப்பல வாங்க. இந்தத் தட்டில் அட்சதை இருக்கிறது. இருவர் கையும் காலியாக இருக்கவேண்டும்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்த தாய்மார்களுக்கும், பேச வாய்ப்பளித்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பேச்சு முடிந்தது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், எழுந்து நின்று ஆசீர்வாதம் பண்ணுங்கள். வணக்கம்!