இருபது நிமிஷம் ஓடுற இஞ்சின்

தப்பா சொல்லிடுவேனோன்னுதான் பயம் தம்பி. நான் எட்டாங்கிளாசோட நின்னவ. இஞ்சின் சமாச்சாரமெல்லாம் எங்க வீட்டுக்காரரு கிளாரி சொன்னாத்தான் கோர்வையா வரும். அவரு கீழ இஞ்சின் பெட்டிக்குள்ள தலைய விட்டுட்டுக் கெடக்காரு. மீட்புப் படகு வந்தா ஃபாரம் எழுதியே ஆகணுமா? சரி, எழுதுங்க. என் பேரு நோலீன். இந்தாங்க டீ. அது பூசணிக்காய் போட்ட ஸ்கோன், டீயோட கடிச்சுக்கிற குட்டி ரொட்டி, நேத்துதான் சுட்டேன்.

பாய்மரப் படகுன்னு பேருதான். இன்னிக்கு மாதிரி காத்தே இல்லன்னா இந்தக் கெழட்டு டீசல் இஞ்சின்தான் கதி. காலையில கெளம்பினோம். டுக்கு டுக்குன்னு நல்லாத்தான் ஓடுச்சு. இருபது நிமிஷம். அப்புறம் ரெண்டு இருமல், நின்னுடுச்சு.

"குழாய்ல காத்து புகுந்திருக்கு நோல்"னாரு. ஸ்பேனரோட எறங்கினாரு, காத்த வெளியேத்தினாரு. டேங்கு மூடியத் தெறந்து, குச்சிய விட்டு, டீசல் இருக்கான்னு பாத்தாரு. முக்கா டேங்கு இருந்துச்சு. மூடிட்டு சாவியத் திருப்பினா ஓடுது. "பாத்தியா, நான் கை வச்சாப் போதும்"னு ஒரு சிரிப்பு வேற. இருபது நிமிஷம்... நின்னுடுச்சு.

அடுத்து வடிகட்டிய மாத்தினாரு. மறுபடி மூடியத் தெறந்து குச்சி. ஓடுச்சு. மெக்கானிக்கக் கூப்பிடலாமேன்னேன். "முப்பத்தாறு வருஷம் கரும்பாலையில மெஷின் பாத்தவனுக்கு மெக்கானிக்கா? நீ போய் டீயப் போடு"ன்னாரு. போட்டேன். காலையிலேர்ந்து இது ஆறாவது கெட்டில்.

மூணாவது தடவ நின்னது எங்கன்னா, ஆத்து வாயில, இந்தா இந்தக் கல்சுவருக்குப் பக்கத்துல. தண்ணி வத்துற நேரம், இழுப்பு நேரா கல்லப் பாத்து. கல்லுல ஒட்டியிருக்கிற சிப்பிய எண்ணலாம், அவ்வளவு கிட்ட. மேலேர்ந்து நான் கத்துறேன், கீழேர்ந்து இவரு "ரெண்டே நிமிஷம்"ங்கிறாரு. அவரோட ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? சமையல்கட்டுக் கொழாய்க்கும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னாரு, நாலு வாரம் வாளியில தண்ணி பிடிச்சேன்.

அதனால யாரையும் கேக்கல. முன்னாடி ஓடிப்போய் நங்கூரத்தத் தள்ளி விட்டேன். சங்கிலி கடகடன்னு போச்சு. படகு சுத்தித் திரும்பி, பிடிச்சு நின்னுச்சு. அப்புறந்தான் ரேடியோவுல உங்களக் கூப்பிட்டேன்.

இல்ல, இஞ்சினுக்கு என்ன கோளாறுன்னுதானே கேக்குறீங்க. வர்றேன், வர்றேன்.

கல்லப் பாக்கப் பிடிக்காம பின்பக்கம் போய் உக்காந்தேன். மழைக்காலம் முழுக்கப் படகு சும்மா கட்டிக் கெடந்துச்சா... உங்களுக்குத் தெரியாததா, இந்த ஊரு குளவி எந்த ஓட்டையக் கண்டாலும் மண்ணு வச்சுடும். அதனால படகுல இருந்த பன்னெண்டு ஓட்டையையும் துணி வச்சு அடைச்சேன். எல்லாரும் செய்யிற மாதிரி ஒவ்வொண்ணுலயும் செவப்பு நாடா, கெளம்புறப்ப மறக்காமப் பிடுங்க. பதினோராவதுல நாடா தீந்துபோச்சு.

நாடா இல்லாத பன்னெண்டாவது, காலையில பிடுங்க மறந்து, படகோட பின்பக்கக் கைப்பிடிக் கம்பிக்கு அடியில அப்படியே இருந்துச்சு. டேங்குக்குள்ள காத்து போற ஓட்டை, காத்து போகலன்னா டீசல் வெளிய வராது. குளவிக்குப் பயந்து துணிக்கு மேல மெழுகு வேற உருக்கி ஊத்தியிருக்கேன். பிடுங்கினேன் பாருங்க, புஸ்ஸுன்னு டேங்கு மூச்ச இழுத்துச்சு. அவரு குச்சி விட மூடியத் தெறக்குறப்பல்லாம் அதுக்குக் கொஞ்சம் காத்து கெடைச்சிருக்கு, இருபது நிமிஷத்துக்கு. அவ்வளவுதான்.

ஒரு மணி நேரமா நிக்காம ஓடிக்கிட்டிருக்கு. பம்பச் சுத்தம் பண்ணதாலதான்னு சொல்லிக்கிட்டு, கீழ இன்னும் எதையோ தொடைச்சிட்டிருக்காரு.  அவருக்குத் தெரியாம அந்தத் துணியக் கரி அடுப்புல போட்டாச்சு.

நீங்க 'டீசல்ல அழுக்கு'ன்னு எழுதிக்கோங்க... என்ன தம்பி, நான் சொன்னது எல்லாத்தையும் எழுதிட்டீங்களா? மெழுகையுமா? அடிச்சுத் திருத்தக் கூடாதாமா?

படகு ஓட்டுனவங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணுமா. கிளாரியக் கூப்பிடாதீங்க, இருங்க. நங்கூரம் போட்டது யாரு? நான். ரேடியோவுல கூப்பிட்டது? நான். அப்ப இன்னிக்குப் படகு ஓட்டுனது யாருங்கிறீங்க?

பேனாவக் குடுங்க. எங்க, இந்தக் கோட்டு மேலயா?

ம்... போட்டாச்சு. மடிச்சுப் பையில வச்சுக்கோங்க தம்பி.